சதுப்புக் காட்டில் பள்ளம் பறிப்பது யார்?

மரம் வெட்டும் யந்திரம் சேற்றில் புதைந்து, முழங்கால் ஆழத்துக்குத் தடம் பறித்துவிட்டுப் போனால் யாரைக் குறை சொல்வார்கள்? டிரைவரைத்தான். காட்டுக்குச் சொந்தக்காரர் அவனைத் திட்டுவார். மரத்தை வாங்கிய கம்பெனியின் அதிகாரி வந்து பள்ளத்தை அளந்து குறிப்பு எழுதுவார். அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் காண்டிராக்டரோ, பள்ளத்தை மூடும் செலவை நினைத்துத் தலையில் கை வைப்பார். பின்லாந்து தேசத்தில் ஆண்டுதோறும் நடக்கிற காட்சி இது. அந்தப் பள்ளம் உண்மையில் எங்கே ஆரம்பமாகிறது என்பதைத்தான் இக்கட்டுரை ஆராய விரும்புகிறது.

பின்லாந்தின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு கோடி ஹெக்டேர், பூர்வத்தில் 'பீட்' எனப்படும் சதுப்பு நிலம். பாசியும் கோரையும் குறுஞ்செடியும் தண்ணீருக்குள் மடிந்து, காற்றுப் படாததால் முழுதும் மக்காமல், பனியுகம் முடிந்த காலம் முதல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. மண் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். நனைந்த பீட்டில் ஒரு கூடை அள்ளினால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். இது நமக்கு முற்றிலும் அன்னியமான பொருளல்ல. நீலகிரி மலைமேல் பள்ளத்தாக்குச் சதுப்புகளில் பீட் உண்டு. சாண்டிநல்லாவில் எடுத்த பீட்டை வைத்துத்தான் விஞ்ஞானிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மழை வரலாற்றைக் கணக்கிட்டார்கள். குட்டநாட்டு விவசாயிகள் பாதி மக்கிய மரக்கட்டைகள் புதைந்து கிடக்கும் கறுத்த வயலைக் 'கரி' நிலம் என்பார்கள். அதுவும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

இந்தச் சதுப்பில் பாதியை, சுமார் 50 லட்சம் ஹெக்டேரை, பின்லாந்தில் வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டார்கள். மரம் வளர வேண்டும் என்பதற்காக! 1930-களின் நெருக்கடிக் காலத்தில் வேலையில்லாதவர்களைக் கொண்டு மண்வெட்டியால் வெட்டிய வாய்க்கால்கள் உண்டு. ஆனால் பெரும் பகுதி 1960-களிலும் 1970-களிலும் யந்திரங்களால் வெட்டப்பட்டது. காகித ஆலைகள் பெருகின, மரம் போதவில்லை, சர்க்காரே கடனும் மானியமும் கொடுத்து வடிகால் திட்டம் நடத்தியது. அன்று வடித்த சதுப்பில் முளைத்த பைன் மரங்கள் இன்று வெட்டும் பருவத்துக்கு வந்து நிற்கின்றன. நாட்டில் நிற்கும் மொத்த மரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்போது இந்தச் சதுப்புகளில்தான் நிற்கிறது. ஆக, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கணக்குக்கு இன்று வசூல் நாள்.

மரத்தை வெளியே கொண்டுவர வேண்டுமே, அது எப்படி?

முன்பு குதிரை இழுத்தது. பனிக்காலத்தில் சறுக்குவண்டிப் பாதையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, சிறு விவசாயிகள் தங்கள் குதிரையோடு வந்து மரம் இழுத்தார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகியதும் மரங்களை மிதக்கவிட்டு ஆலைக்கு ஓட்டினார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று வருணிப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. இருபது முப்பது டிகிரி குளிரில், குச்சுக் கொட்டகையில் படுத்து எழுந்து, இடுப்பளவு பனியில் கோடரியும் ரம்பமும் பிடித்த உழைப்பு அது. அதிலிருந்து மனிதனை விடுவித்த யந்திரத்தைப் பழிப்பது அறிவீனம். ஆனால் விடுதலை எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யந்திரம் வந்த பத்திருபது ஆண்டுகளில் காட்டு வேலையும் சிறு பண்ணையும் சேர்ந்து சரிந்தன. 1969, 1970 ஆகிய இரண்டே ஆண்டுகளில் எண்பதாயிரம் பேர் அளவில் பிழைப்புத் தேடி ஸ்வீடனுக்குக் கப்பலேறினார்கள்.

இன்று ஒரு காட்டில் இரண்டு யந்திரம், இரண்டு மூன்று டிரைவர்கள். முதலில் போவது 'ஹார்வெஸ்டர்' என்னும் அறுப்பு யந்திரம். மரத்தைப் பிடித்து, அடியில் அறுத்து, கிளை கழித்து, அளவாகத் துண்டு போட்டுவிடும். பின்னால் வருவது 'பார்வர்டர்' என்னும் சுமை யந்திரம். துண்டுகளைப் பொறுக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு சாலையோரம் சேர்க்கும். சதுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது யந்திரம்தான். ஏனெனில் முன்னது ஒருமுறை போகிறது. இதுவோ பாரத்தோடு அதே தடத்தில் பத்து முறை, இருபது முறை போய்வருகிறது.

பாரத்தைப் பற்றி ஒரு சாதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் சுமையும் சேர்ந்து 30 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுச் சக்கரம். ஒவ்வொரு சக்கரமும் சுமார் 0.4 சதுர மீட்டர் தரையைத் தொடுகிறது என்றால், ஒரு சதுர மீட்டர் தரைமேல் ஒன்பது டன்னுக்கு மேல் ஏறுகிறது. சக்கர ஜோடிகளுக்கு மேல் அகலமான இரும்புச் சங்கிலிப் பட்டையை மாட்டி, 90 சென்டிமீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமுமாக நான்கு பட்டைகள் தரையைத் தொடும்படி செய்தால், அதே பாரம் சதுர மீட்டருக்கு நாலு டன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தஞ்சை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் நனைந்த வயலில் டயர் வண்டியை இறக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் மணிக்கு அதிக வாடகை கொடுத்தாவது பெல்ட் போட்ட அறுவடை யந்திரத்தைத் தேடுகிறார். அந்த 'அதிக வாடகை' என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பீட் நிலம் பாரத்தைத் தாங்குவது அதன் உள்ளிருக்கும் பலத்தால் அல்ல. மேலே உள்ள ஒரு சாண், ஒன்றரைச் சாண் கனத்தில் மரவேரும் செடிவேரும் பாசியும் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னல் பாய்போல் விரிந்து யந்திரத்தைத் தாங்குகிறது. பாய் கிழியாத வரையில் வண்டி அமுங்கி அமுங்கி எழுந்து போகும். ஓரிடத்தில் கிழிந்ததோ, அடுத்த நடையில் பள்ளம், அதற்கடுத்த நடையில் வண்டியின் வயிறே தரையைத் தொடும். நெருக்கமாகவும் பெரிதாகவும் மரம் நிற்கும் சதுப்பு அதிகம் தாங்குகிறது என்பதைப் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். வேர் அதிகம் என்பது ஒரு காரணம். மரங்களே தண்ணீரை உறிஞ்சி நிலத்தை வற்றவைக்கின்றன என்பது இன்னொரு காரணம். இதில் ஒரு விபரீதமும் உண்டு. மரத்தை வெட்டியவுடன் உறிஞ்சுவோர் இல்லாமல் நீர்மட்டம் மேலே வருகிறது. வெட்டி முடித்து இரண்டு வாரம் தாமதித்துச் சுமை யந்திரம் வந்து, இடையில் மழையும் பெய்திருந்தால், அது இறங்குவது முன்பு அளந்த அதே நிலத்தில் அல்ல.

பள்ளம் விழுந்தால்தான் என்ன, காட்டில் கொஞ்சம் சேறு இருந்தால் குடியா முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். கேட்கத்தான் செய்கிறார்கள். மரத்தை விலக்கி எடுக்கும் வெட்டில், நாலு மீட்டருக்குச் சற்று அதிக அகலமுள்ள தடங்களை இருபது மீட்டர் இடைவெளியில் போடுவது பின்லாந்து வழக்கம். ஐந்தில் ஒரு பங்கு நிலம் தடமாகவே போய்விடுகிறது. அந்தத் தடத்தின் ஓரத்தில் நிற்கும் மரங்கள்தான் எதிர்கால வருமானம். அவற்றின் வேர் அறுந்தால் வளர்ச்சி குன்றும். காயத்தின் வழியாகப் பூஞ்சை நுழைந்து அடிமரத்தை உளுத்துப்போகச் செய்யும். காற்றில் சாயும். பள்ளம் வாய்க்காலுக்குள் இறங்கினால் கலங்கிய நீரும் உரச்சத்தும் ஏரிக்குப் போய்ச் சேரும். தேங்கிய பள்ளத்தில் காற்றில்லாத சேறு மீதேன் வாயுவைக் கக்குகிறது.

இவற்றைவிட அபாயகரமானது பாதரசம். காற்றில் வந்து பல பத்தாண்டுகளாக வடக்குக் காடுகளின் மண்ணில் படிந்த பாதரசம், தேங்கிய சேற்றுத் தண்ணீரில் கிருமிகளால் மெதில் பாதரசமாக மாறுகிறது. இந்த ரூபத்தில் அது மீனுக்குள் ஏறி மனிதனுக்குள் வருகிறது. ஸ்வீடனில் ஒரு சிற்றோடையைக் காட்டு யந்திரம் கடந்து தடம் பதித்த பிறகு, ஓடை நீரில் மெதில் பாதரசம் ஏறியதை விஞ்ஞானிகள் அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். ஒரு யந்திரம், ஓர் ஓடை, அவ்வளவுதான்!

பரிகாரம் தெரியாமல் இல்லை

இதற்குப் பரிகாரம் கண்டுபிடிக்க இனித்தான் ஆராய்ச்சி வேண்டும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். பின்லாந்தின் காட்டு ஆராய்ச்சி நிலையம் 1917-ல் தோன்றியது. 2015-ல் இயற்கை வள ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்தது. சதுப்பில் யந்திரத்தை ஓட்டிப் பார்த்து, பள்ளத்தை அளந்து, சங்கிலிப் பட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து அங்கே பல ஆண்டுகளாகச் சோதித்திருக்கிறார்கள். பட்டையில் கூர்மையான பிடிப்பல் இருந்தால் வேர்ப்பாயைக் கிழிக்கும், தட்டையான அகலத் தகடு இருந்தால் தாங்கும் என்பது தெரிந்த விஷயம். பத்துச் சக்கரம் கொண்ட சுமை யந்திரத்தைப் பின்லாந்துக் கம்பெனியே செய்து விற்கிறது. முழுச் சுமைக்குப் பதில் பாதிச் சுமை ஏற்றினால் பள்ளம் குறையும். பிரதான தடத்தைச் சதுப்பின் ஓரத்துக் கெட்டி மேட்டில் அமைத்துக்கொண்டால், அதிக நடை போவது கெட்டித் தரையில் ஆகிவிடும். திருப்பங்களைக் குறைக்க வேண்டும், ஏனெனில் திரும்பும் இடத்தில்தான் பாய் முதலில் கிழிகிறது. விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி எடுத்த அளவைக் கொண்டு, எந்த நிலம் கோடையிலும் தாங்கும், எது உறைபனியில் மட்டுமே தாங்கும் என்று வண்ணம் தீட்டிய வரைபடம் நாடு முழுமைக்கும் உண்டு. யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் எளிமையான பரிகாரம் ஒன்றிருக்கிறது. மரத்திலிருந்து கழித்த கிளையையும் நுனியையும் தடத்தின்மேல் பாய்போலப் பரப்பிவிட்டு அதன்மேல் ஓட்டுவது. சதுர மீட்டருக்குப் பதினைந்து, இருபது கிலோ பச்சைக் கிளை பரப்பினால் நல்ல காப்பு என்று சோதனைகள் கூறுகின்றன. கிளைக்கு விலையில்லை, காட்டிலேயே கிடக்கிறது. ஆனால் சதுப்புப் பைன் ஒல்லி மரம், அதில் கிளை குறைவு. அது இயற்கையின் கருமித்தனம். மனிதனின் கருமித்தனம் இன்னொன்று. இந்த நூற்றாண்டு பிறந்தது முதல் சில்லாக அரைத்த மரத்தை மின்சாரமும் வெந்நீரும் செய்யும் உலைகளில் எரிப்பது பெருகிவிட்டது. சிறு மரத்தை முழுதாக, கிளையோடு எடுத்துப்போகும் வழக்கம் வந்துவிட்டது. எது யந்திரத்துக்கு அடியில் கிடந்து நிலத்தைக் காத்ததோ, அதற்கும் ஒரு விலைச்சீட்டு ஒட்டியாயிற்று. பசுமை எரிபொருள் என்ற பெயரில் சதுப்பின் பாயை உருவி உலையில் போடுகிற இந்த விந்தையை என்னவென்று சொல்வது!

ஆக, உபாயங்கள் இருக்கின்றன. அப்படியானால் பள்ளம் ஏன் விழுகிறது?

பின்லாந்தின் காட்டில் பெரும் பகுதி சாதாரணக் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்கள் மரத்தை நிற்கும் நிலையிலேயே விற்கிறார்கள். வாங்குவது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய கம்பெனிகள். கம்பெனி தானே யந்திரம் வைத்துக்கொள்வதில்லை. காண்டிராக்டரிடம் வேலையைக் கொடுக்கிறது. காண்டிராக்டர் என்றதும் தொப்பை பெருத்த முதலாளியை நினைத்துவிட வேண்டாம். பலர் நேற்றுவரை டிரைவராக இருந்தவர்கள். இன்றும் தாமே ஒரு ஷிப்டு ஓட்டுபவர்கள். பல லட்சம் யூரோ விலையுள்ள யந்திரத்தைக் கடனில் வாங்கி, மாதத் தவணை கட்டுபவர்கள். அவர்களுக்குக் கூலி பெரும்பாலும் கன மீட்டர் கணக்கு. டிரைவருக்கு மணிக்கூலியாக இருக்கலாம். ஆனால் அவனை வைத்திருப்பவருக்கு மணி இல்லை, கன மீட்டர்தான்.

இந்தக் கன மீட்டர் கணக்கை மேலே சொன்ன பரிகாரங்களோடு வைத்துப் பாருங்கள். அகலப் பட்டை மாட்டினால் டன் கணக்கில் இரும்பின் எடை கூடுகிறது, டீசல் அதிகம் குடிக்கிறது, பட்டை தேய்கிறது. இந்தச் செலவு காண்டிராக்டருடையது. பாதிச் சுமை ஏற்றினால் நடை இரட்டிப்பாகிறது, நேரம் காண்டிராக்டருடையது. மேட்டுத் தடத்தில் சுற்றிப் போனால் தூரம் காண்டிராக்டருடையது. மழை பெய்கிறது, நிறுத்திவிட்டு வேறு காட்டுக்குப் போகலாம் என்றால், யந்திரத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் செலவு யார் தலையில்? ஒழுங்காகச் செய்கிற ஒவ்வொரு காரியமும் செய்பவனுக்கு நஷ்டம். அவசரமாகச் செய்கிற ஒவ்வொரு காரியமும் இந்த மாதத் தவணைக்கு உதவி. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, பள்ளத்தின் பக்கத்தில் நின்று டிரைவருக்கு இயற்கைப் பாதுகாப்பு உபதேசம் செய்கிறார்கள்.

முன்பு இந்த முரண்பாடு வெளியே தெரியவில்லை. பனிக்காலம் அதை மூடி வைத்திருந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை பீட் உறைந்து கெட்டியானால் எவ்வளவு பாரமான யந்திரமும் ஓடலாம். கைதேர்ந்த டிரைவர்கள் பனித்தூவல் விழுந்ததும் முன்கூட்டியே ஒரு தரம் தடத்தில் ஓட்டிப் பனியை அமுக்கிவிடுவார்கள். பஞ்சுபோலப் பனி மூடியிருந்தால் குளிர் நிலத்துக்குள் இறங்காது. அமுக்கினால் உறைவு ஆழமாகப் போகும். ஒரு வாரக் குளிரைக் கொண்டு ஒரு மாத வேலைக்குப் பாதை போடும் வித்தை அது. எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்தையும் விட இது மேலானது என்பது நம் அபிப்பிராயம். ஆனால் உறைய வேண்டிய குளிரே வராவிட்டால்? 2019-20 பனிக்காலத்தில் தெற்குப் பின்லாந்தில் பல இடங்களில் நிலம் சரியாக உறையவேயில்லை. அப்படிப்பட்ட ஆண்டுகள் இனி அதிகமாகும் என்பதில் வானிலை விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமில்லை. வடித்த சதுப்பே அந்த வெப்பத்துக்கு ஒரு காரணம் என்பதும் கவனிக்க வேண்டியது. காற்றுப் பட்ட பீட் மக்கிக் கரியமில வாயுவாகிறது. 2021-ம் ஆண்டுக் கணக்கில் பின்லாந்தின் நிலமும் காடும் சேர்ந்து, உறிஞ்சியதைவிட அதிக வாயுவை வெளிவிட்டன. 

இன்னொரு நெருக்கடியும் சேர்ந்தது. ரஷ்யாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி கன மீட்டர் அளவில் மரம் வந்துகொண்டிருந்தது. 2022-ல் யுத்தத்தோடு அது நின்றது. ஆலைக்குப் பசி நிற்கவில்லை. உள்நாட்டு மரத்தின் விலை ஏறியது. முன்பு 'உறைந்தால் பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைத்த சதுப்பும் கண்ணில் பட ஆரம்பித்தது. ஆலை ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். கிடங்கில் மரம் குவித்து வைத்தால் பணம் முடங்கும். ஆகவே வாராவாரம் புது மரம் வந்தபடி இருக்க வேண்டும். ஆலையின் இந்தக் கால அட்டவணை கம்பெனிக்கு, கம்பெனியிடமிருந்து காண்டிராக்டருக்கு, காண்டிராக்டரிடமிருந்து டிரைவருக்கு என்று இறங்கி, கடைசியில் டிரைவரிடமிருந்து வேர்ப்பாய்க்கு இறங்குகிறது. வேர்ப்பாய்க்குக் கீழே இறக்கிவிட ஆளில்லை. அது கிழிகிறது.

செய்ய வேண்டியது என்ன?

யந்திரத்தைத் தடை செய் என்று நாம் கேட்கவில்லை. சதுப்பு வேலைக்குக் கூலி கணக்கிடும் முறையை மாற்ற வேண்டும் என்கிறோம். மென்மையான நிலத்தில் கன மீட்டர் கூலியை ஒழித்து மணிக்கூலி கொடுக்க வேண்டும், அல்லது பட்டை, கிளைப்பாய், குறைந்த சுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். 'இதற்குமேல் நிலம் தாங்காது' என்று யந்திரத்தை நிறுத்தும் உரிமை டிரைவருக்கு வேண்டும். நிறுத்திய நாளுக்கு அவனுக்குச் சம்பளமும் காண்டிராக்டருக்குத் தவணைக்கான நஷ்ட ஈடும் மரம் வாங்குகிறவரின் பொறுப்பு. வசந்தத்தில் பனி உருகும் வாரங்களில் டிரைவர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். அந்த வாரங்களின் பயம்தான் அதற்கு முந்தைய வாரங்களில் இளகிய நிலத்தில் கடைசிச் சுமையை ஏற்றச் செய்கிறது. சதுப்பில் கழித்த கிளை சதுப்பிலேயே கிடக்க வேண்டும், உலைக்குப் போகக்கூடாது.

இதற்கெல்லாம் செலவாகும், உலகச் சந்தையில் போட்டியிட முடியாது என்று கம்பெனிகள் சொல்லும். செலவு இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கட்டுகிறவர்கள்தான் வேறு. வேர் அறுந்த மரத்தின் நஷ்டம் காட்டுக் குடும்பத்துக்கு, பள்ளம் மூடும் செலவு காண்டிராக்டருக்கு, கலங்கிய ஏரி மீன்பிடிக்கிறவர்களுக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. ஆலையின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்த வரி இல்லை.

சில இயற்கை அன்பர்கள் வேறொரு யோசனை சொல்கிறார்கள். சதுப்பை ஒரேயடியாக மொட்டை வெட்டு வெட்டக்கூடாது, அவ்வப்போது சில மரங்களை மட்டும் எடுத்தால் மிச்சமுள்ள மரங்கள் நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும், வாய்க்காலைத் திரும்பத் தூர் வார வேண்டியதில்லை என்கிறார்கள். 2014 முதல் பின்லாந்துச் சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. யோசனை நல்லதே. ஆனால் அவ்வப்போது எடுப்பதென்றால் அவ்வப்போது யந்திரம் வர வேண்டும். கூலி முறை மாறாமல் இதைச் செய்தால், அறுபது ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை கிழிந்த பாய் நாலைந்து தடவை கிழியும்.

வெப்ப நாடுகளின் சதுப்புக் காட்டை இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. சரவாக்கில் பத்து மீட்டர் ஆழத்துக்குக் கூடப் பீட் உண்டு. அது ஒருபோதும் உறையாது. அங்கே வெகுகாலம் வரை, கழிகளைப் பரப்பிய பாதையில் மரச் சறுக்குக் கட்டைமேல் மரத்தை ஏற்றி மனிதர்களே இழுத்தார்கள். அதற்குப் பெயர் 'கூடா கூடா'. மலாய் மொழியில் கூடா என்றால் குதிரை. குதிரை என்று பெயர், இழுத்தது மனிதன்! அங்கிருந்து சிறு ரயில் பாதை போட்டு ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நிலம் அதிகம் கெடவில்லை, மனிதன் கெட்டான். கலிமந்தானில் மரத்தை மிதக்கவிட வாய்க்கால் வெட்டினார்கள், நெல் திட்டம் என்று சொல்லி 1996 முதல் பெரும் வாய்க்கால்களே வெட்டினார்கள். பீட் காய்ந்தது. 1997-ல் பற்றி எரிந்த புகையை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் தமிழ் மக்களும் மாதக் கணக்கில் சுவாசித்தார்கள். பனியும் இல்லாத, வலுவான சங்கமும் இல்லாத அந்தக் காடுகளோடு ஒப்பிட்டால் பின்லாந்துக்கு எல்லா வசதியும் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி உண்டு, வரைபடம் உண்டு, யந்திரம் செய்யும் தொழிற்சாலை உண்டு, கூட்டு ஒப்பந்தம் போட்டுப் பழகிய தொழிலாளர் சங்கமும் உண்டு.

இன்னொரு வசதியும் உண்டு. பின்லாந்துக் காட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அரசாங்கத்தின் சொத்து. அங்கே மரம் விற்பதும் காண்டிராக்டரை அமர்த்துவதும் அரசு நிறுவனமே. எந்தக் கம்பெனியின் சம்மதத்துக்கும் காத்திராமல், அடுத்த பனிக்காலத்துக்கு எழுதப்படும் ஒப்பந்தங்களில் சதுப்பு வேலைக்கு மணிக்கூலியையும் டிரைவரின் நிறுத்தும் உரிமையையும் அது சேர்க்கலாம்.